மலைச்சாரல் நகரின் முதல் வரி

இருபத்திரண்டு வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அரசியலமைப்பின் முகப்புரையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 'இந்திய மக்களாகிய நாம்' என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் முடிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் எங்கள் நகருக்குச் சங்க விதிமுறை எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று வீடு. ஒரு நாட்டுக்கே எழுதி முடித்திருக்கிறார்கள், இருபத்து மூன்று வீட்டுக்கு எழுத முடியாதா என்று நினைத்தேன்.

என் கணவர் ரங்கநாத் மட்டும் அன்றைக்கே சிரித்தார். "டெல்லியில அதை எழுதவே மூணு வருஷம் ஆச்சு ஜயா. நீ மூணு வாரங்கறே," என்றார். மில்லில் தரப் பரிசோதனை பார்ப்பவர் அவர். எந்த நூலைக் கொடுத்தாலும் முதலில் பிசிறைத்தான் தேடுவார்.

எங்கள் மலைச்சாரல் நகர் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. மனை விற்றவர் வைத்த பெயர். மலை தெரியும். சாரல் வருடத்தில் பத்து நாள் வரும். நல்ல தண்ணீர்தான் கிடையாது. எங்கே போர் போட்டாலும் உப்பு. குளித்துக்கொள்ளலாம், வாயில் வைக்க முடியாது. எங்களைப் போன்றவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். அப்படி வாங்கிக் கட்டுப்படியாகாத வீடு ஒன்று உண்டு. கடைசித் தெருவின் கடைசி வீடு, வேலுத்தாயுடையது.

வேலுத்தாய் நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கிறாள். கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. ஒரே மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கிறாள். ஷிப்டு முடிந்து வந்ததும் வேலுத்தாய் சைக்கிளில் நாலு பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு, லாரியும் பஸ்ஸும் பறக்கிற மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து ஊர்க் குழாய்க்குப் போவாள். மார்கழியில் ஒருநாள் ஒரு லாரிக்கு ஒதுங்கப் போய், நிறைகுடங்களோடு சாய்ந்துவிட்டாள். முழங்கால் சில்லில் அடி. அன்றிலிருந்து தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். குடம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டில் குடிக்க என்ன இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் நகரின் வாசல் வரை வந்தது. உள்ளே இழுக்க வேண்டுமானால் பதிவு செய்த சங்கம் வேண்டும், இருபத்து மூன்று வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், ஜனவரி முடிவதற்குள் தர வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் அடுத்த சுற்றுக்குத்தான். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டேன். அந்த அலுவலர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். குடியரசு தினத்தன்று கொடியேற்றிச் சங்கத்தைத் தொடங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஓர் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. இராஜபாளையம் பஜாரில் சோலைராஜின் அச்சகத்தில் கொடுத்தேன். சோலைராஜ் அடிப்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, புதுமனை புகுவிழா. மறுநாள் போய் வாங்கிப் பார்த்தால் முதல் பக்கத்து உச்சியில் பெரிதாக 'உ'. பிள்ளையார் சுழி. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு.

"இதை யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். கை தானா போட்டுட்டு," என்றார் சோலைராஜ். "ஒண்ணுமில்லாம அடிச்சா நல்லாவா இருக்கும்? துக்கச் செய்திக்குத்தான் தலைய மொட்டையா விடுவோம்."

குத்துவிளக்குகளை மட்டும் எடுக்கவைத்தேன். சுழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாங்கி வந்துவிட்டேன். மற்றவர்கள் அப்படி நினைத்தால் மன்னிக்கலாம். நான் ஆண்டாள் கோயில் மாடவீதியில் பிறந்து வளர்ந்த வைஷ்ணவப் பெண். யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் புரியவில்லை.

யதிராஜன் மாமா பார்த்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண் இல்லாமல் பால் வாங்கக்கூட வெளியே வரமாட்டார். சங்கத்துக்கு அவரைத்தான் தலைவராகப் போட்டிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஜயா, இது என்னம்மா?"

"பிரஸ்காரர் வழக்கமாப் போடறது மாமா."

"அவருக்கு வழக்கம். நம்மாத்துல எந்தக் காகிதத்துல சுழி போட்டுப் பாத்திருக்கே? மேலே ஸ்ரீன்னு போட்டுக் குடு. கண்ணை மூடிண்டு கையெழுத்துப் போடறேன்."

சுழியை எடுத்து ஸ்ரீ போட்டுக்கொண்டு அடுத்த தெருவில் பொன்னுராஜ் வீட்டுக்குப் போனேன். பொன்னுராஜ் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுப் பெயர் எபெனேசர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். அவர் காகிதத்தைப் பார்த்துச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், ஒண்ணுமே இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா ஒண்ணு இருந்தா எங்க ஒண்ணும் இருக்கணும்லா? சின்னதா ஒரு சிலுவை. ஒரு ஓரமாப் போட்டாப் போதும்."

நியாயமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அநியாயமாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவுக்கென்று விட்டிருந்த காலி மனையில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. பதினெட்டு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். வேலுத்தாய்க்கு அன்றைக்கு வேலை. தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வர வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உச்சியில் என்ன போடுவது என்றே இரண்டு மணி நேரம் போனது. எல்லாச் சின்னத்தையும் வரிசையாகப் போடலாம் என்றார் ஒருவர். இடது கோடியில் எது வரும் என்று கேட்டார் இன்னொருவர். அப்படியானால் வட்டமாகப் போடலாம் என்றார்கள். வட்டத்துக்கும் உச்சி என்று ஒன்று உண்டே என்றார்கள். சாமி பேர் என்று ஒன்று இருந்தால் கையெழுத்தே போடப்போவதில்லை என்றார் ஒன்பதாம் எண் வீட்டு ஜெயபாண்டி. அவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

"சர்க்கார் முத்திரையிலயே கோபுரம் இருக்கு," என்றார் யதிராஜன் மாமா. "அதுவும் எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். சர்க்காருக்கே ஆட்சேபம் இல்லைன்னா நமக்கென்ன?"

"சார், அது உங்க கோபுரம் மட்டுமில்ல, எங்க கோபுரமும்தான்," என்றார் பொன்னுராஜ். "அசலூர்க்காரன்ட்ட நானும் அப்படித்தான் பெருமையாச் சொல்லுதேன். ஆனா கோபுரம் ஊருக்குப் பொது. நீங்க கேக்குத ஸ்ரீ அப்படியா?"

அந்தக் கோபுரம் எது என்பதில் மதுரைக்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். நல்லவேளை, எங்கள் கூட்டத்தில் மதுரைக்காரர்கள் இல்லை. கடைசியில் யாரோ, "ஓட்டுக்கு விட்டுருவோம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். நான் குரலை உயர்த்தினால் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவே அடங்கும். இவர்கள் எம்மாத்திரம்.

"இந்தச் சண்டையைப் போன தலைமுறையிலயே போட்டு முடிச்சுட்டா," என்றேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொன்பது, அக்டோபர் மாசம். அரசியல் நிர்ணய சபையில ஒருத்தர் எழுந்து, முகப்புரையைக் கடவுள் பேரால தொடங்கணும்னார். அப்போ தேவி பேரையும் சொல்லணும்னார் இன்னொருத்தர். ஒரு பெண் உறுப்பினர் கெஞ்சினா, கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீங்கோன்னு. கேக்காம ஓட்டுக்கு விட்டா. வேணும்னு நாப்பத்தொரு பேர், வேண்டாம்னு அறுபத்தெட்டுப் பேர். வேண்டாம்னவாள்ல பாதிப் பேர் தினம் பூஜை பண்றவாளா இருந்திருப்பா. நாடு அவாவா சாமியை அவாவா ஆத்துல வச்சுண்டு, மொட்டையாத்தான் ஆரம்பிச்சது. எழுபத்தஞ்சு வருஷம் தாண்டியாச்சு. நமக்கு ஒரு குழாய் இழுக்க முடியாதா?"

என் பேச்சில் மனம் மாறினார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வெயில் ஏறிவிட்டது, எல்லோருக்கும் பசி. உச்சியில் ஒன்றும் வேண்டாம் என்று முடிவானது. இரண்டே நாளில் இருபத்திரண்டு கையெழுத்து வாங்கினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. டெல்லியில் மூன்று வருடம் பட்ட பாட்டை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டேன் என்று ரங்கநாத்திடம் பீற்றிக்கொண்டேன்.

வேலுத்தாயைக் கடைசியாக வைத்திருந்தேன். அவள் கையெழுத்தில் எனக்கு என்ன சந்தேகம்? அவளுக்காகத்தானே இவ்வளவும். சாயங்காலம் போனபோது நாலு குடத்தையும் இறக்கிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"சுழி எங்க டீச்சர்?"

விவரம் முழுவதும் சொன்னேன். கூட்டம், சண்டை, நாற்பத்தொன்று, அறுபத்தெட்டு, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மொட்டக் காயிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன் டீச்சர். கோவிச்சுக்கிடாதிய."

கோபித்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக் கோபம் மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. "இத்தனை பேரும் யாருக்காக அலையறோம்? எனக்குக் கேன் தண்ணி வருது. உனக்காகத்தானே வேலுத்தாய்!"

"எனக்காவன்னு தெரியும் டீச்சர்," என்றாள், குரல் உயராமல். "அன்னைக்கும் எனக்காவன்னுதான் கொண்டாந்தாரு, எங்க கொழுந்தனார்."

கணவர் இறந்த பதினாறாம் நாள் அது. தேவதானத்தில் அவருக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. பட்டாவை வேலுத்தாய் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிக் கணவரின் தம்பி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அவள் சுழி போடப் போனாள். 'அதெல்லாம் எதுக்கு மதினி, இது ஆபீஸ் காயிதம்' என்று தடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டாள். வயல் கொழுந்தனார் பெயருக்குப் போய்விட்டது.

"சுழி இருந்திருந்தா மட்டும்?" என்று கேட்டேன்.

"அவருக்குக் கை நடுங்கியிருக்கும் டீச்சர். அவரும் சாமி கும்புடுதவருதான்."

நாங்கள் அத்தனை பேரும் சாமியைக் கொடி மாதிரி உச்சியில் பறக்கவிடுவதற்குத்தான் அடித்துக்கொண்டோம். இவள் மட்டும் சாட்சிக்குக் கேட்கிறாள். ஏமாற்றப்பட்டவளிடம் போய்க் கத்திவிட்டு வந்தேனே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ரங்கநாத்திடம் சொன்னபோது அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மாமாகிட்டயும் பொன்னுராஜ்கிட்டயும் சொல்லு," என்றார். சொன்னேன். இரண்டு பேரும் வேறெதுவும் கேட்காமல் என்னோடு கிளம்பிவிட்டார்கள்.

யதிராஜன் மாமா கடைசித் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வேலுத்தாய் பதறிப்போய் உள்ளே இருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தாள். மாமா உட்காரவில்லை.

"சுழி போட்டே அடிக்கச் சொல்றேன்மா," என்றார். "நான் கையெழுத்துப் போடறேன். பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்." சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எழுபது வயதில் அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

"நானும் போடுதேன் அக்கா," என்றார் பொன்னுராஜ். "உங்க முட்டங்காலவிடவா அது பெருசு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வேலுத்தாய் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்யா. மனசுக்கு ஒப்பாம நீங்க போடுத கையெழுத்து எனக்கு எதுக்கு? அதுவும் ஒரு பொய்தான?"

"அப்போ என்னதாம்மா பண்றது?" என்றார் மாமா.

வேலுத்தாய் சுவரில் சாய்ந்து, வலிக்கிற காலை மாற்றி வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். சுழி இருந்தா, பொய் சொன்னவன பிள்ளையாரு புடிச்சுக்கிடுவாரு. நீங்க ஸ்ரீ போட்டா உங்க சாமி புடிச்சுக்கிடும். இதுல யாருமே இல்ல. நாளைக்கு இது பொய்யாப் போச்சுன்னா, எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்து எந்தெருவுக்கு மட்டும் வராமப் போச்சுன்னா, நான் யாரப் போய்ப் புடிக்க?"

இருபத்திரண்டு வருடமாக 'நாம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். அந்த 'நாம்' பொய் சொன்னால் யாரைப் பிடிப்பது என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

பொன்னுராஜ்தான் முதலில் பேசினார். "என்னையப் புடிங்க அக்கா. வீடு தெரியும்லா?"

"என்னையும் பிடி," என்றார் மாமா. "கார்த்தால அஞ்சு மணிக்கு வந்து கதவைத் தட்டு. முழிச்சுண்டுதான் இருப்பேன்."

"என்னையும்," என்றேன்.

வேலுத்தாய் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "வாயால சொன்னாப் போதுமா? எழுதுங்க."

"எங்கே எழுத?"

"தலையில."

முதல் பக்கத்து உச்சியில் அவ்வளவு இடமில்லை. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். அதில் முதல் எழுத்து விழும்வரை வேலுத்தாய் கண்ணை எடுக்கவில்லை. நான் எழுதினேன்: 'இந்த விதிகள் பொய்யானால் பிடித்துக் கேட்கப்பட வேண்டியவர்கள்.' அதன் கீழே என் பெயர், கதவு எண். மாமாவும் பொன்னுராஜும் அவரவர் கையால் எழுதினார்கள்.

மற்ற பத்தொன்பது வீட்டுக்கும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு நாள் ஆனது. உச்சியில் சின்னம் கேட்டுச் சண்டை போட்டபோது ஒருவரும் தயங்கவில்லை, தங்கள் பெயரை எழுதச் சொன்னதும் எல்லோரும் தயங்கினார்கள். இரண்டு பேர் விதிகளை அப்போதுதான் முதன்முதலாகப் படித்துப் பார்த்தார்கள். ஒருவர் பதினோராம் விதி சரியில்லை என்று மாற்றச் சொன்னார், சரியில்லைதான், மாற்றி எல்லோரிடமும் காட்டினேன். ஜெயபாண்டி இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பெருமையடித்துவிட்டு, எல்லோரையும்விடப் பெரிய எழுத்தில் எழுதினார். அந்த இரண்டு நாளில் தெருத்தெருவாக அலைந்தபோது இந்த நகரில் வீடு கட்டி வந்த பிறகு முதல் தடவையாக எனக்கு எல்லோர் பெயரும் தெரிந்தது. களைப்பாக இருந்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது.

குடியரசு தினத்துக்கு முதல்நாள் சாயங்காலம் வேலுத்தாயிடம் போனேன். மகளும் வீட்டில் இருந்தாள். வேலுத்தாய் தாளை விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. கடைசிப் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒரு பேரு கொறையுதே டீச்சர்."

"இருபத்திரண்டும் இருக்கே. நல்லா எண்ணிட்டேன்."

"எம் பேரு?"

"உன் பேர் எதுக்கு? நீதானே எங்களைப் பிடிச்சுக் கேக்கப் போறவ?"

"குழாயோட கடைசி வால்வு எஞ்சுவத்தோரந்தான வருதுன்னு சொன்னாக?" என்றாள் வேலுத்தாய். "தண்ணி கொறைஞ்ச நாள்ல நானே அதத் திருகி வச்சுக்கிட்டா? நானும் பொய் சொல்லுவம்லா டீச்சர். என்னைய யாரு புடிக்க?"

என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். இருபத்து மூன்றாவதாகத் தன் பெயரையும் கதவு எண்ணையும் எழுதினாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.